கொப்பியைக் கேளுங்கள்: ஸ்டார்ட்அப் நடுவர்களுக்குக் கந்தப்பளையிலிருந்து ஒரு மடல்

புதுத் தொழில்களுக்கு நிதி தருகிற, பயிற்சி தருகிற, போட்டி நடத்தித் தேர்ந்தெடுக்கிற கொழும்புக் குழுக்களுக்கும் அவற்றின் நடுவர்களுக்கும்,

வணக்கம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நானுஓயாவில் இரவு மெயில் ஏறி, விடியக் கொழும்புக் கோட்டையில் இறங்கி, ஸ்டேஷனிலேயே முகம் கழுவிக்கொண்டு உங்களைப் போன்ற ஒரு குழுவின் முன்னால் வந்து உட்கார்ந்தேன். பேசுவதற்குப் பத்து நிமிடம் கொடுத்திருந்தார்கள். நுவரெலியா மலைகளில் விளைகிற மரக்கறி எப்படி லொறி ஏறுகிறது, எங்கே வாடுகிறது, யாருக்கு எவ்வளவு நட்டம் என்று சொல்லத் தொடங்கினேன். இரண்டாவது நிமிடத்தில் ஒருவர் கேட்டார்: "உங்கள் டீமில் கோடிங் செய்வது யார்?" இப்போதைக்கு யாரும் இல்லை என்றேன். அதற்குப் பிறகு எந்தக் கேள்வியும் வரவில்லை. யாரும் மரியாதைக் குறைவாக நடக்கவில்லை, தேத்தண்ணி கூடக் கொடுத்தார்கள். ஆனால் கையில் இருந்த பேனைகளை மூடி வைத்துவிட்டார்கள். அதைப் பார்த்துக்கொண்டே மிச்ச எட்டு நிமிடமும் பேசி முடித்தேன்.

அந்தக் கேள்வி பிழை என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. கோடிங் தெரியாமல் ஒரு தொழில்நுட்பக் கம்பனி தொடங்கினால் என்ன நடக்கும் என்று இப்போது எனக்கு நன்றாகவே தெரியும், பட்டும் தெரிந்துகொண்டேன். நான் சொல்ல வருவது, அந்தக் கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது என்பதைத்தான். "இந்த வேலையைக் கையால் செய்து பார்த்தீர்களா? பார்த்திருந்தால் அந்தக் கணக்கைக் காட்டுங்கள்." இதை அன்றைக்கு ஒருவர் கேட்டிருந்தால், பைக்குள் இருந்த இரண்டு சீஆர் கொப்பிகளையும் மேசையில் வைத்திருப்பேன்.

என் அம்மா கொழுந்து எடுத்தவர். அப்பா லயத்துக்குப் பின்னால் ஒரு துண்டு நிலத்தில் லீக்ஸும் கரட்டும் போட்டார். நான் உயர்தரத்தில் வணிகம் படித்துவிட்டு, மரக்கறி சேர்க்கிற ஒரு கடையில் ஒன்பது வருடம் சிட்டை எழுதினேன். கம்பியூட்டரில் எனக்குத் தெரிந்தது எக்செல் மட்டும். ஆனால் எந்தத் தோட்ட டிவிசனில் யார் வீட்டில் எத்தனை மூட்டை வரும், மழை நாளில் கரட் கழுவுகிற இடத்தில் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், தம்புள்ளைச் சந்தைக்குப் போகிற லொறி எத்தனை மணிக்குள் கிளம்பினால் நல்ல விலை பிடிக்கும் என்பதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

2021இல் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியதில் விளைச்சல் விழுந்தது. அடுத்த வருடம் டீசல் இல்லை. 2022 ஜூலையில் கியூஆர் முறை வந்து, வாரத்துக்கு இத்தனை லீட்டர் என்று அளந்து கொடுக்கத் தொடங்கினார்கள். அளந்த டீசலில் பாதி லோட்டோடு தம்புள்ளைக்கோ பேலியகொடைக்கோ போக எந்த லொறிக்காரருக்கு மனம் வரும்? ஒரு டிவிசனில் ஆறு மூட்டை லீக்ஸ் கிடக்கும். இரண்டு மைல் தள்ளி ஒன்பது மூட்டை கரட். அதற்கும் மேலே கோவா. ஒருவரிடம் இருப்பது இன்னொருவருக்குத் தெரியாது. மூன்று பேரும் எனக்குத்தான் போன் எடுப்பார்கள், சிட்டை எழுதுகிறவள் நான் என்பதால். நான் மூன்றையும் சேர்த்து ஒரு லொறிக்குச் சொல்வேன். லொறி நிறைந்து போகும். ஸ்டார்ட்அப் என்ற சொல் அப்போது எனக்குத் தெரியாது. இந்த வேலைக்கு ஆள் தேவைப்படுகிறது என்று மட்டும் தெரிந்தது.

அப்புறம் எல்லோரும் சொன்னார்கள், "ஒரு அப் செய்யுங்க" என்று. அம்மாவின் சங்கிலியையும் என் வளையல்களையும் அடகு வைத்து, ஒரு சொப்ட்வெயார் நிறுவனத்துக்கு நாலரை இலட்சம் ரூபா கொடுத்தேன். மூன்று மாதத்தில் செயலி வந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. முதல் திரையே மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கேட்டது. எங்கள் பக்கத்தில் மரக்கறி போடுகிறவர்களில் பாதிப் பேரிடம் பட்டன் போன். மற்றவர்கள் வைத்திருப்பது மகளோ மகனோ பாவித்துவிட்டுக் கொடுத்த, கண்ணாடி வெடித்த போன். மின்னஞ்சலுக்கு எங்கே போவார்கள்? பதினொரு பேர் அதைப் போனில் ஏற்றினார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் ஒருவர்கூடப் பாவிக்கவில்லை.

அந்த முதல் திரையை மாற்றித் தரக் கேட்டேன். அதற்குத் தனிக் காசு என்றார்கள். சரி, எழுதிய கோடிங்கை, அதாவது நிரலைக் கொடுங்கள், வேறு யாரையாவது வைத்து மாற்றிக்கொள்கிறேன் என்றேன். ஒப்பந்தத்தில் நிரல் யாருக்குச் சொந்தம் என்று ஒரு வரிகூட இல்லை. இணையதளத்தின் முகவரியான டொமைன் பெயரைக்கூட அவர்கள் தங்கள் பெயரில்தான் பதிந்திருந்தார்கள். ஒரு வீட்டைக் கட்டி முடித்த பிறகு உறுதிப் பத்திரத்தில் மேசன்பாஸின் பெயரைப் பார்த்த மாதிரி இருந்தது.

எனக்குப் பிறகு வருகிற தங்கைமாருக்காக இதைத் திறந்தே சொல்கிறேன். கோடிங் தெரியாதவர் டொமைனைத் தன் பெயரில், தன் காசில், தானே பதிய வேண்டும். செயலி ஓடுகிற சேர்வரின் கணக்குத் தன் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். எழுதப்படுகிற நிரல் வாரத்துக்கு ஒரு தரமாவது நிரலைச் சேமித்து வைக்கிற கிட்ஹப் என்ற தளத்தில் தன் பெயரில் இருக்கிற கணக்குக்கு வந்து சேர வேண்டும், அதில் ஓர் எழுத்துப் புரியாவிட்டாலும் பரவாயில்லை. காசை மொத்தமாகக் கொடுக்காமல், ஒவ்வொரு பகுதியும் வேலை செய்வதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கொடுக்க வேண்டும். இந்த நாலையும் யாராவது அரை மணித்தியாலம் உட்கார்ந்து எனக்குச் சொல்லியிருந்தால் அம்மாவின் சங்கிலி இன்றைக்கு அம்மாவின் கழுத்தில் இருக்கும்.

செயலியை விட்டுவிட்டு மறுபடி கொப்பிக்கு வந்தேன். இருநூறு பக்கச் சீஆர் கொப்பி. திகதி, லொறி, ஆள், எந்த ரோட்டு வளைவில் ஏற்றுவது, என்ன சாமான், எத்தனை மூட்டை, சொன்ன கிலோ, நிறுத்த கிலோ, கழிவு, விலை, லொறி வருவதாகச் சொன்ன நேரம், வந்த நேரம். ஐந்து மாதத்தில் இரண்டு கொப்பி முடிந்தது. ஆட்கள் போன் எடுப்பார்கள், இல்லாவிட்டால் வட்ஸ்அப்பில் குரல் அனுப்புவார்கள், நான் எழுதுவேன்.

அந்தக் கொப்பி சொல்லிக் கொடுத்ததை எந்தச் செயலியும் எனக்குச் சொல்லியிருக்காது. விலை தெரியாததுதான் இவர்களுடைய பிரச்சினை என்று நான் நினைத்திருந்தேன். செயலியின் நடுவில் பெரிதாக விலைப் பட்டியல் போடச் சொன்னதும் அதனால்தான். ஆனால் விலையை எல்லோரும் இரண்டு போன் எடுத்து அறிந்துகொள்கிறார்கள். நேரம்தான் யாருக்கும் தெரிவதில்லை. நாலு மணிக்கு வருவதாகச் சொன்ன லொறி எட்டு மணிக்கு வந்தால், பகலே பிடுங்கிக் கட்டிய லீக்ஸ் வாடி நிறை குறைந்துவிடும். அதோடு, மலைக்குப் போய்விட்டு வந்த பொம்பிளை ஆள் அந்த இருட்டிலும் பனியிலும் மூட்டைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், வீட்டில் பிள்ளைகள் தனியாக. கொப்பியில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிந்திய லொறிகளைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு வந்தேன். முதல் கொப்பியில் சில பக்கங்கள் முழுக்கச் சிவப்பாக இருக்கின்றன.

இன்னொன்றும் தெரிந்தது, அது கழிவு. வாங்குகிறவர்கள் மூட்டைக்கு இவ்வளவு என்று நிறையில் கழிப்பார்கள், ஏன் அவ்வளவு என்று எங்கேயும் எழுதியிருக்காது. நான் நிறையையும் கழிவையும் விற்கிறவர், வாங்குகிறவர் இரண்டு பக்கத்துக்கும் போனில் வாசித்துக் காட்டத் தொடங்கினேன். வாசித்துக் காட்டுவதோடு சரி, வேறொன்றும் செய்யவில்லை. அதிலேயே சண்டை குறைந்தது.

இங்கே கொஞ்சம் நின்று ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் அம்மா முப்பத்தொரு வருடம் கொழுந்தை மடுவத்துக்குச் சுமந்தார். ஒவ்வொரு நாளும் நிறுப்பார்கள், ஒருவர் எழுதுவார். தன் பெயருக்கு நேரே என்ன எழுதினார்கள் என்று அந்தப் பக்கத்தை அம்மா ஒரு நாளும் பார்த்ததில்லை. எங்கள் மலைகளில் கணக்கு எப்போதும் அடுத்தவர் கையில்தான் இருந்தது. அதனால்தான் நீங்கள் தரவு என்று சொல்வதை நான் கொப்பி என்று சொல்கிறேன். யார் கேட்டாலும் அவர்களுடைய வரியைத் திறந்து காட்டுகிற ஒரு கொப்பி எனக்குச் சின்ன விஷயமில்லை.

உங்களுக்குத் தெரிந்த கதைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 1999இல் நிக் ஸ்வின்மர்ன் இணையத்தில் சப்பாத்து விற்கத் தொடங்கியபோது அவரிடம் களஞ்சியம் இல்லை. பக்கத்துக் கடைகளில் சப்பாத்துகளைப் படம் எடுத்துப் போட்டார். ஆர்டர் வந்தால் அந்தக் கடைக்கே போய் வாங்கி அனுப்பினார். அதுதான் சப்போஸ், பத்து வருடம் கழித்து அமேசன் வாங்கியது. தங்குவதற்கு வீடு பிடித்துத் தருகிற ஏர்பிஎன்பியில் பிரையன் செஸ்கியும் ஜோ கெபியாவும் வடிவமைப்புப் படித்தவர்கள். முதலில் தங்கள் வீட்டுத் தரையில் காற்று மெத்தை போட்டு மூன்று பேரைத் தங்க வைத்துப் பார்த்தார்கள், நேதன் பிளெசார்சிக் என்ற பொறியியலாளர் அதற்குப் பிறகுதான் சேர்ந்தார். இணையத்தில் வடிவமைப்புச் செய்ய உதவுகிற கன்வாவின் மெலனி பெர்கின்ஸும் முதலில் பள்ளிக்கூட ஆண்டு மலர்கள் செய்கிற ஒரு சின்னத் தொழிலை அவுஸ்திரேலியாவின் பேர்த்தில் பல வருடம் நடத்திப் பார்த்தவர். இவர்கள் எல்லோருக்கும் பின்னால் நல்ல பொறியியலாளர்கள் வந்தார்கள். வந்தவர்களுக்குக் காட்ட இவர்களிடம் நடந்த வேலை ஒன்று இருந்தது.

என்னிடமும் ஒருவர் வந்தார். பதுளைப் பக்கத்துத் தம்பி, பேராதனையில் படித்தவர், கொழும்பில் வேலை. தைப்பொங்கலுக்கு உறவினர் வீட்டுக்கு வந்திருந்தார். நான் செயலியைத் திறந்து காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பித் தந்தார். "அக்கா, வேலை நடக்கிறது எதுல?" என்று கேட்டார். கொப்பியைக் கொடுத்தேன்.

லயத்து வாசல் படியில் உட்கார்ந்து இரண்டு மணித்தியாலம் அதைப் படித்தார். தேத்தண்ணி ஆறிப்போய் அம்மா இரண்டாம் தரம் ஊற்றிக் கொடுத்தார். ஓரத்தில் சில வரிகளுக்குப் பக்கத்தில் 'ப.வ.' என்று எழுதியிருந்ததைத் தொட்டுக் காட்டி, "இது என்ன?" என்றார். "பள்ளம் வழுக்கும்" என்றேன். "மழை பெய்தால் அந்த வளைவுக்கு லொறி இறங்காது. மூட்டையை மேல் ரோட்டுக்குச் சுமந்து வரவேணும். அதுக்கு ரெண்டு மணித்தியாலத்துக்கு முன்னாலேயே சொல்லணும்." அவர் தன் மடிக்கணினியைத் திறந்து எதையோ எழுதினார். "சரிக்கா, இது டேபிள்ல ஒரு கொலம்" என்றார்.

மூன்று சனி ஞாயிறில் அவர் செய்து தந்ததில் விவசாயிக்கு என்று செயலியே கிடையாது. அவர்கள் பழையபடி போன் எடுக்கிறார்கள், குரல் அனுப்புகிறார்கள். என் மேசையில் மட்டும் ஒரு திரை, அது கொப்பியைப் போலவே இருக்கும். லொறிக்காரரின் போனுக்கு வளைவு வளைவாக ஒரு பட்டியல் போகும். மழை என்று நான் ஒரு பட்டனை அழுத்தினால், பள்ளத்து ஆட்களுடைய இடமெல்லாம் மேல் ரோட்டுக்கு மாறிவிடும், அவர்களுக்குச் செய்தியும் போகும்.

அந்தச் செய்தியில் இன்னொரு பாடம் இருந்தது. ஆங்கிலத்தில் ஓர் எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்துப் போடலாம், தமிழில் 70தான். அந்த எழுபதையும் கம்பியூட்டர் நம்மைப் போல எண்ணுவதில்லை. போஞ்சி என்று எழுதினால் நமக்கு மூன்று எழுத்து. அதற்கு ஆறு. எழுத்தோடு ஒட்டுகிற குறியும் புள்ளியும் தனித்தனிக் கணக்கு. "ஐந்து மணிக்கு லொறி மேல் ரோட்டுக்கு வரும், மூட்டையை அங்கே கொண்டுவந்து வைக்கவும்" என்கிற ஒரு சாதாரண செய்தியே ஒரு எஸ்எம்எஸ்ஸுக்குள் அடங்காது, இரண்டாக உடைந்து இரண்டுக்குக் காசு போகும். தம்பி இதை விளக்கிய அன்று, செய்தியை என் குரலில் பதிந்து அனுப்பலாம் என்று முடிவு செய்தோம். வாசிக்கத் தெரியாத ஆயாக்களுக்கும் அதுதான் வசதி. எதைச் சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியும், எது எவ்வளவு செலவு என்பது அவருக்குத் தெரியும். ஒரு கம்பனிக்கு வேலை தெரிந்தவர், கோடிங் தெரிந்தவர் என்று இரண்டு பேர் தேவை என்று நீங்கள் சொல்வது இதற்காகத்தான் என்றால் நான் முழுக்க உங்கள் பக்கம்.

அவர் சம்பளம் கேட்கவில்லை, பங்கு கேட்டார். ஆளுக்குப் பாதி என்று அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிடச் சிலர் சொன்னார்கள். அவரே வேண்டாம் என்றார். நுவரெலியாவில் ஒரு சட்டத்தரணியிடம் போய் எழுதினோம்: பங்கு நாலு வருடத்தில் படிப்படியாகச் சேரும், முதல் வருடம் முடியும் முன் போனால் ஒன்றும் இல்லை. எனக்கும் அதே விதி. யாருக்கும் மனவருத்தம் இல்லை.

கம்பனியைப் பதியப் போனபோது முகவரியில் தடைப்பட்டது. 2007ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டப்படி பதிவு அலுவலகம் என்று ஒரு முகவரி கொடுக்க வேண்டும். லயத்துக் காம்பராவுக்கு ஏது முகவரி? எங்களுக்குக் கடிதம் தோட்ட ஆபிசுக்கு வந்து, அங்கிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்தால் உண்டு. கடைசியில் ஹட்டன் டவுனில் இருக்கிற மாமி வீட்டு முகவரியைக் கொடுத்தோம். வங்கிக்குப் போனால் பிணை கேட்டார்கள். நாங்கள் பிறந்து வளர்ந்த காம்பராவே எங்கள் பெயரில் இல்லை. உங்கள் விண்ணப்பத்தில் "குடும்பத்திடமும் நண்பர்களிடமும் இதுவரை எவ்வளவு திரட்டினீர்கள்?" என்று ஒரு கேள்வி இருக்கிறதே, அதைப் படிக்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது இன்னொரு பேச்சு வந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவே கோடிங் எழுதிவிடும், இனிப் பொறியியலாளர் எதற்கு என்கிறார்கள். நானும் பாவிக்கிறேன். விவசாயிகளைப் பதிகிற ஒரு பக்கத்தைத் தமிழில் கேட்டுக் கேட்டு ஒரே இராத்திரியில் நானே செய்தேன். அன்றைக்கு இருந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. மறுநாள் தம்பி பத்து நிமிடம் பார்த்தார். லிங்க் தெரிந்த எவரும் எல்லோருடைய பெயரையும் போன் நம்பரையும் பார்க்கிற மாதிரி அது திறந்து கிடந்தது. என்னை நம்பி நம்பர் கொடுத்த நூற்று நாற்பது வீடுகள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க வந்தது, அது எனக்கும் பொருந்தும் என்று அன்றைக்குத்தான் படித்தேன். திரையில் எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருந்தது. ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாலும் எனக்கு அந்தப் பிழை தெரிந்திருக்காது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது பெரிய தொகை இல்லை. உங்கள் பயிற்சிகளில் வழிகாட்டிகள் எங்கள் ஸ்லைடுகளைத் திருத்தித் தருகிறார்கள், மேடையில் எப்படி நிற்பது என்று சொல்லித் தருகிறார்கள். அந்த நேரத்தில் பாதியை ஒரு பொறியியலாளரின் நேரமாகக் கொடுங்கள். மாதத்துக்கு நாலு மணித்தியாலம் போதும். ஒப்பந்தத்தைக் கையெழுத்து வைக்கும் முன் ஒரு தரம் பார்க்க, சொந்தமாகச் செய்ததில் எது திறந்து கிடக்கிறது என்று காட்ட. பரிசுத் தொகையை ஒருவருக்கு மொத்தமாகக் கொடுப்பதற்குப் பதிலாக, அதில் ஒரு சின்னப் பங்கைப் பத்துப் பேருக்குப் பிரித்து, மூன்று மாதம் கையால் நடத்திக் கணக்கோடு வாருங்கள் என்று சொல்லுங்கள். அந்தக் கணக்கைப் பார்த்து அடுத்த சுற்றுக்கு எடுங்கள். கோடிங் தெரிந்த துணை அப்போது இல்லையென்றால் அந்த மூன்று மாதத்துக்குப் பிறகு தேடித் தாருங்கள். பேராதனையிலும் ஊவா வெல்லஸ்ஸவிலும் எங்கள் பிள்ளைகளே படிக்கிறார்கள். அவர்களும் நாங்களும் ஒருவரை ஒருவர் பார்க்க ஓர் இடம்தான் இல்லை.

விண்ணப்பம் தமிழிலும் இருக்க வேண்டும், பதிலும் தமிழில் ஏற்கப்பட வேண்டும். நேர்முகத்தை வருடத்தில் ஒரு தரமாவது ஹட்டனிலோ பதுளையிலோ வையுங்கள். ஒரு நாள் சம்பளத்தை விட்டு, இரவு முழுக்க ரயிலில் வந்து, இரண்டு நிமிடத்தில் பேனை மூடுகிற சத்தம் கேட்டுத் திரும்புகிறவர்கள் இனியும் இருக்கக் கூடாது.

இதை இன்றைக்கு எழுத ஒரு காரணம் இருக்கிறது. மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி போன வாரம் போன் எடுத்தாள். தாய்மார் மலைக்குப் போகும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவில் வேலை. தோட்டத்துச் சீனி வருத்தக்காரர்களுக்குக் கிளினிக் நாளை முதல் நாளே ஞாபகப்படுத்தி, ஒரே பக்கம் போகிறவர்களை ஒரு ஆட்டோவில் சேர்த்து, டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறாள். இருபத்து மூன்று பேர், எட்டு மாதமாக. யார் எந்தக் கிளினிக்கைத் தவறவிட்டார்கள், ஏன் தவறவிட்டார்கள் என்று எல்லாம் எழுதி வைத்திருக்கிறாள். இந்த மாதம் முடிகிற ஒரு விண்ணப்பத்தை நிரப்பும்போது, 'தொழில்நுட்ப இணை நிறுவனரின் பெயர்' என்ற கட்டத்தில் நின்றுவிட்டாள். அதை வெறுமையாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது. "அக்கா, அந்த இடத்துல என்ன எழுதுறது?" என்று கேட்டாள்.

கொப்பியின் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். அதை எந்தக் கட்டத்தில் ஏற்றுவது என்று மாதம் முடிவதற்குள் நீங்கள் சொல்லுங்கள், நான் அவளுக்குச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
மரக்கறி லொறிக் கணக்கு எழுதும் ஒருத்தி,
கந்தப்பளை.